மணமும் மருந்தும்

ஆலயக் குடமுழுக்கு விழாவில் அன்பர்கள் பெரிதும் விரும்பிக் கலந்துகொள்ளும் நிகழ்ச்சி எண்ணெய்க்காப்பு ஆகும். புதியனவாக எழுந்தருளுவிக்கப்பெற்ற திருமேனிகளுக்கு ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் வரிசையாக வந்து தம் கைகளாலேயே எண்ணெய் சாத்தி மகிழ்வர். அதன்பின் ஆண்டவனைத் தொடும் பேறு அடியார்க்கு அடுத்த குடமுழுக்கின்போதே கிட்டும். எண்ணெய்க்காப்பைப் போலவே சிறப்புடையது அட்டபந்தனம் சாத்துதல். திருமேனியையும் பீடத்தையும் அசையாது இணைக்கும் இச்சாந்தினைக் கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்து ஆக்குவர். இதற்கு வழங்கும் பெயர் 'அட்டபந்தன மருந்து' என்பது கருதத்தக்கது.

கல்லையும் கல்லையும் இணைக்கும் பொருளை மருந்து என்று அழைத்த வழக்கு வியப்பிற்குரியதன்று. மணப்பொருளும் எண்ணெயும் மருந்தும் தமிழ்நாட்டு ஆலயங்களில் பல நூற்றாண்டுகளாக ஒன்றையொன்று பிரியாமல் வளர்ந்தவை. ஆயினும் ஒன்று நினைவிற் கொள்ளல் வேண்டும். இச்சாந்தில் சேரும் சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் கூடிய நச்சுப் பொருள். பீடத்திற்கு மருந்தாகும் அது மனித உடலுக்கு நஞ்சாகும். மருந்து என்னும் பெயர் மட்டும் ஒரு பொருளை மருந்தாக்கி விடாது. இடமும் அளவுமே அதனை மருந்தாக்குவன. இவ்வுண்மையை முன்னோர் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதைத் தைலங்களின் வரலாறு காட்டுகின்றது.

இருவகைத் தைலங்கள்

தைலம் என்னும் சொல் திலம், அதாவது எள் என்பதன் அடியாகப் பிறந்தது. எள்ளெண்ணெய், ஆமணக்கெண்ணெய் முதலியவற்றில் வேரும் பட்டையும் இலையும் இட்டுப் பக்குவமாகக் காய்ச்சி இறக்குவது முதல்வகை. வீடுகளில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் முதல் வைத்தியர் தரும் வாத எண்ணெய்கள் வரை இவ்வகையைச் சார்ந்தனவே. கையில் தடவினால் பிசுக்குத் தங்கும்; விரைவில் ஆவியாகாது.

மற்றொரு வகை, பூவிலும் இலையிலும் விதையிலும் மரத்திலும் இயல்பாகவே கரந்துறையும் மணநெய். இது காற்றுப் பட்டால் ஆவியாகிப் பரவும் தன்மையது. மணப்பொருளை நீருடன் வாலையில் இட்டுக் கொதிக்க வைத்தால், நீராவியோடு மணநெய்யும் எழும். அதனைக் குளிர்வித்தால் நீராகவும் எண்ணெயாகவும் பிரிந்து நிற்கும். சித்த மருத்துவர் இம்முறையால் வடிப்பதைத் தீநீர் என்பர். ஓமத் தீநீர் இதற்குத் தக்க சான்று. வடமாநிலங்களில் அத்தர் எடுப்பதும் இம்முறையாலேயே. குவியல் குவியலான இலையிலிருந்து கிடைப்பது சில புட்டி எண்ணெயே. ஆதலின் ஒரு துளி மணநெய்யில் அடங்கியுள்ள ஆற்றல் பெரிது. காய்ச்சிய தைலத்தையும் வடித்த தைலத்தையும் ஒன்றென எண்ணிக் கையாள்வது தவறாக முடிவதற்குக் காரணம் இதுவே.

நீராட்டும் மணநீர்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்து 1010-இல் நிறைவு செய்த முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்கள், இறைவன் நீராடும் திருமஞ்சன நீரில் இடுவதற்கென ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் ஆகியவற்றிற்கு நிவந்தம் அமைத்ததைக் கூறுகின்றன. கோயிற் பொன்னும் காசும் முதலாகக் கொடுக்கப்பெற்று, அம்முதலுக்கு வட்டியாக ஆண்டுதோறும் இப்பொருள்கள் வந்து சேருமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. இறைவனுக்குரிய மணத்தையும் கணக்கில் எழுதி, கல்லில் வெட்டி, யார் தருவது, எவ்வளவு தருவது என்று வரையறுத்த ஒழுங்கு போற்றத்தக்கது.

மணப்பொருளால் தொண்டு செய்த அடியாருள் குங்கிலியக்கலய நாயனாரை அறியாதார் இலர். திருக்கடவூரில் வாழ்ந்த அப்பெருமான், வறுமையுற்று மனைவியின் தாலியை விற்க நேர்ந்த காலத்தும் அப்பொன்னுக்கு நெல் கொள்ளாது குங்கிலியமே கொண்டு இறைவனுக்குத் தூபமிட்டார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீசுவரன் கோயிலில், உயிர்களின் பிணி தீர்க்க இறைவன் வைத்தியநாதனாக எழுந்தருளியபோது, அன்னை தையல்நாயகி தைலப் பாத்திரம் ஏந்தி உடன் வந்தருளினாள் என்பது தலவரலாறு. நோயாளியின் பக்கத்தில் தாய் ஒருத்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கும் காட்சியையே தெய்வக் காட்சியாகக் கண்டது தமிழர் உள்ளம்.

திருமுக்கூடல் ஆதுலர் சாலை

மணநீரும் தைலமும் இறைவனுக்கு மட்டுமே உரியனவாக நின்றுவிடவில்லை. பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகளும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் உள்ளது. காஞ்சிபுரத்தை அடுத்துள்ள அக்கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று விளங்குகின்றது. கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதனை 'எபிகிராபியா இண்டிகா' 21-ஆம் தொகுதியில் பதிப்பித்தார். வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் கல்லூரி, மாணவர் தங்கும் விடுதி ஆகியவற்றோடு 'வீரசோழன்' என்னும் பெயரால் ஓர் ஆதுலர் சாலையும் அக்கோயிலைச் சார்ந்து நடைபெற்றதை அது தெரிவிக்கின்றது. ஆதுலர் என்போர் பிணியுற்றோர். அச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. பிணியாளர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி வரையறுக்கப்பட்டது.

சாலையின் மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவர். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் அளிக்கப்பட்டன. அறுவை செய்யும் சல்லியக்கிரியை வல்லார் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து செய்வோர் இருவர், பிணியாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொணர்வார் ஒருவர் எனப் பணியாளர் பலர் இருந்தனர். இரவு முழுதும் எரியும் விளக்குக்கும் எண்ணெய் ஒதுக்கப்பட்டது. நோயுற்றோன் இருளில் தனித்துக் கிடத்தல் ஆகாது என்னும் பரிவு இவ்வேற்பாட்டில் புலனாகின்றது.

ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலே இக்கல்வெட்டின் தனிச்சிறப்பு. கடுக்காய் சேர்ந்த மருந்துகள், நெய் மருந்துகள், மாத்திரைகள், உப்பு மருந்துகள் என அப்பட்டியல் விரிகின்றது. அவற்றுள் தைலங்களும் உண்டு. ஏரண்டம் என்பது ஆமணக்கு. லசுனம் என்பது பூண்டு. இவை சேர்ந்த தைலங்களும், பிற மருந்துச் சரக்குகள் சேர்ந்த தைலங்களும் பெயர் கூறப்பட்டுள்ளன. பெயரோடு அளவும் எழுதப்பட்டது. தைலங்கள் தூணி அளவிலும், நெய் மருந்துகள் பதக்கு அளவிலும், மாத்திரைகள் எண்ணிக்கையிலும் குறிக்கப்பெற்றன. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 4 குறுணி ஒரு தூணி. இவ்வாறு ஒவ்வொரு மருந்தும் அளந்தே வைக்கப்பட்டது. அதனை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பும் கற்றறிந்த மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மற்றொரு செய்தி உள்ளத்தை உருக்குவது. அங்குக் குடிநீரில் ஏலமும் இலாமிச்சை வேரும் இட்டு மணமூட்டினர். தஞ்சையில் மகாதேவரின் திருமஞ்சன நீருக்கு வரையறுத்த அதே இரு பொருள்கள், ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின்னர்த் திருமுக்கூடலில் மானிடர் பருகும் நீரில் இடப்பட்டன. நடமாடக் கோயில் நம்பர்க்குச் செய்யும் பணி படமாடக் கோயில் பகவற்கும் சென்று சேரும் என்னும் சைவ நெறியின் கருத்து, வைணவத் திருக்கோயிலில் ஒரு குடம் நீராக நின்று விளங்கியது.

திருவரங்கத்திலும் ஆரோக்கியசாலை ஒன்று விளங்கியது. போசளர் காலத்தில் அமைந்து, பின்னர்ப் படையெடுப்பால் சிதைந்த அதனைக் கருடவாகன பட்டர் மரபினர் ஒருவர் புதுப்பித்துத் தன்வந்திரிப் பெருமானையும் எழுந்தருளுவித்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உரைக்கின்றது. அவ்வாலயத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் மூலத்திருமேனி சுதையால் ஆகியது. ஆதலின் அதற்கு நீரால் திருமஞ்சனம் செய்வதில்லை. மணப்பொருள் சேர்த்து ஆக்கிய தைலத்தால் ஆண்டுதோறும் தைலக்காப்புச் சாத்துவர். சுதையைக் காப்பதற்கு எது ஏற்றதோ அதனை உரிய காலத்தில் உரிய அளவில் செய்யும் முறை அது.

கடல் கடந்து வந்த கருப்பூரம்

மணமருந்துகளுள் ஆலயத்தோடு மிக நெருங்கியது கருப்பூரம். இது தமிழ்நாட்டில் விளைவதன்று. சுமத்திரைத் தீவின் மேலைக் கடற்கரையிலுள்ள பாரூசு என்னும் துறைமுகம் கருப்பூரத்துக்கு உலகெங்கும் பெயர் பெற்றது. அத்துறையை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில் 1873-இல் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதன் காலம் 1088. அதனை ஆராய்ந்து 1932-இல் கட்டுரை எழுதியவர் வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் அங்குக் கூடித் தமக்குள் வரி வரையறுத்துக் கொண்டதையும், கத்தூரியின் விலையை ஒட்டிப் பொன் செலுத்த இசைந்ததையும் அது கூறுகின்றது. கருப்பூரம் விளையும் நிலத்தில் தமிழ் வணிகர் வேரூன்றி நின்றமைக்கு இது அழியாச் சான்று.

சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் கருப்பூர வகைகளைக் கூறுமிடத்து 'வாரோசு' என்றும் 'சீனச் சூடன்' என்றும் பெயர்கள் வருகின்றன. முன்னது பாரூசுத் துறையின் பெயரைத் தாங்கியது என்பர் அறிஞர். பின்னது சீனத்தினின்று வந்தது. இவ்விரண்டும் வெவ்வேறு மரங்களில் தோன்றுவன. பாரூசு மரத்தின் நடுவயிரத்தில் உறைந்து கிடப்பது பச்சைக் கருப்பூரம். சீனத்து மரத்தின் கட்டையையும் இலையையும் வடித்தெடுப்பது மற்றையது. தோற்றமும் மணமும் ஏறக்குறைய ஒத்திருப்பினும் வேதியியல் முறையில் இவை வேறானவை. இவ்வேற்றுமையைப் பெயரிட்டுப் பிரித்தறிந்த உரையாசிரியர் கூர்மை வியக்கத்தக்கது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாவது வகை ஒன்று தோன்றியது. பைன் மரத்தின் டர்ப்பன்டைன் எண்ணெயிலிருந்து தொழிற்சாலைகளில் கருப்பூரம் செய்யும் முறை கண்டறியப்பட்டது. தீபாராதனைக்கு இக்காலத்தில் ஏற்றும் சூடம் பெரும்பாலும் இவ்வகையே. இஃது எரிப்பதற்கு உரியது, உண்பதற்கு உரியதன்று. தீர்த்தத்திலும் பொங்கலிலும் சேர்க்கும் பச்சைக் கருப்பூரத்தின் இடத்தில் இதனைச் சேர்த்தல் ஒருபோதும் ஆகாது.

வீட்டு மருந்துகளும் நீலகிரித் தைலமும்

ஓமத்தின் மணநெய்யில் தைமால் என்னும் பொருள் மிகுந்துள்ளது. அது நுண்ணுயிர்களைக் கொல்ல வல்லது. முதல் உலகப் போருக்கு முன்னர் இதன்பொருட்டே இந்தியாவிலிருந்து ஓம விதை செருமனிக்கு அனுப்பப்பட்டது. பாட்டிமார் குழந்தையின் வயிற்று உப்பிசத்துக்குத் தந்த ஓமத் தீநீரில் இப்பொருள் மிக மெல்லிய அளவிலேயே கலந்திருந்தது. கிராம்பு மொலுக்கத் தீவுகளினின்று வந்தது. அதன் எண்ணெயில் உள்ள யூஜெனால் என்னும் பொருள் பல்வலியை மரக்கச் செய்கின்றது. பல் மருத்துவர்கள் துத்தநாகத் தூளோடு அதனைக் குழைத்துப் பற்குழியை அடைப்பதும் உண்டு. பாட்டி வைத்தியம் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சந்தனத்தைத் தமிழ்நாட்டார் கல்லில் இழைத்தே பயன்படுத்தினர். அதனைப் பெருமளவில் வடித்து எண்ணெய் எடுக்கும் தொழிற்சாலை 1916-இல் மைசூரில் நால்வடி கிருட்டிணராச உடையார் ஆட்சியில் நிறுவப்பட்டது. நீர்த்தாரை நோய்களுக்குச் சந்தன எண்ணெய் உள்மருந்தாக வழங்கப்பட்ட காலமும் ஒன்று உண்டு. ஆற்றல் மிக்க புதிய மருந்துகள் வந்தபின் அவ்வழக்கு நீங்கியது. மணம் குறையவில்லை, மருந்தென்னும் இடம் மட்டுமே மாறியது.

இன்று ஏழை எளியோர் வீட்டிலும் காணப்படும் நீலகிரித் தைலம் இவற்றுள் இளையது. ஆத்திரேலியாவுக்கு உரிய யூகலிப்டசு மரத்தை 1843-இல் கேப்டன் காட்டன் என்னும் ஆங்கிலேயர் நீலகிரிக்குக் கொணர்ந்தார். விறகுப் பஞ்சத்தைத் தீர்ப்பதற்காகவே அது பின்னர்ப் பெரிதும் நடப்பட்டது. மணத்தால் ஒத்தமை பற்றி மக்கள் அதனைக் கற்பூர மரம் என்றனர். இலையை வாலையிலிட்டு வடிக்கும் தொழில் மலையில் பரவியபின், விறகாக வந்த மரம் மருந்தாகவும் பெயர் பெற்றது. அதில் உள்ள சினியோல் என்னும் பொருள் மூக்கடைப்பில் மூச்சு இலகுவாக விடுவது போன்ற இதத்தைத் தருகின்றது. எனினும் இதம் தருவது வேறு, நோயை வேரோடு நீக்குவது வேறு. சளிக்காய்ச்சலுக்குக் காரணமான கிருமியைத் தைலத்தின் மணம் நீக்கிவிடும் என நம்பி மருத்துவரை நாடாதிருத்தல் தகாது.

அளவே மருந்து

மேற்கூறிய பொருள்கள் பலவும் இன்று சிறு புட்டிகளில் கடைதோறும் கிடைக்கின்றன. ஆதுலர் சாலையில் மருத்துவரின் கையிலிருந்த திறவுகோல் இன்று வீடுதோறும் தாய்மார் கைக்கு வந்துள்ளது. ஆதலின் அவ்வீட்டில் மருத்துவருக்குரிய விழிப்பும் இருத்தல் வேண்டும்.

கருப்பூரத்தை விழுங்கிய குழந்தைகளுக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு உண்டாகும். சிறு குழந்தைக்கு ஒரு கிராம் அளவும் உயிருக்கு இடராக முடியலாம். கருப்பூரம் கலந்த எண்ணெயை மருந்தென மயங்கி ஊட்டியதால் நேர்ந்த மரணங்களைக் கண்டே, அமெரிக்க அரசு 1980-களின் தொடக்கத்தில் அவ்வகை எண்ணெயின் விற்பனையைத் தடுத்து, பூச்சு மருந்துகளில் கருப்பூரம் 100-க்கு 11 பங்குக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. நீலகிரித் தைலமும் அவ்வாறே. குழந்தை அதனைச் சில மில்லி லிட்டர் விழுங்கினும் மயக்கமும் வலிப்பும் நேர்தல் உண்டு. கைக்குழந்தைகளின் மூக்கிலும் முகத்திலும் இத்தைலங்களைத் தடவினால் மூச்சுத் திணறலாம். வலிப்பு நோய் உடையோர் கருப்பூரம், நீலகிரித் தைலம் ஆகியவற்றின் நெடியையும் தவிர்ப்பது நலம். வடித்த மணநெய்யை நேரே தோலில் இடாது, தேங்காயெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்து மெலிதாக்கியே தடவுதல் வேண்டும். மருத்துவர் கூறாது எதனையும் உட்கொள்ளலாகாது. தவறி விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். உண்ட பொருளின் புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுதல் மருத்துவர்க்கு உதவியாகும்.

இவ்வெச்சரிக்கைகள் முன்னோர் நெறிக்கு மாறானவை என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. தஞ்சையில் ஏலத்தை அளந்து கொண்டனர். திருமுக்கூடலில் தைலத்தைத் தூணியால் அளந்து வைத்தனர். உரையாசிரியர் கருப்பூரங்களை வேறு பிரித்து எண்ணினர். பாட்டியின் ஓமத் தீநீரும் பாலாடையால் அளந்தே புகட்டப்பட்டது. அளவு அறிதலே அவர்கள் கண்ட மருத்துவம். அளவின்றி அள்ளி வழங்குவதைப் பழமை என்று போற்றுதல் பழமையை அறியாமையே ஆகும்.

குடமுழுக்கு நாளில் எண்ணெய்க்காப்புச் சாத்தும் ஒவ்வொருவர் கையும் இறைவன் திருமேனியை எவ்வளவு மென்மையாகத் தீண்டுகின்றதோ, அவ்வளவு மென்மையும் விழிப்பும் வீட்டிலுள்ள நோயாளியின் உடலைத் தீண்டும்போதும் இருத்தல் வேண்டும். ஆலயங்களில் புதிதாகத் திருப்பணி செய்யும் பெருமக்கள், கோபுரத்தோடும் மண்டபத்தோடும் பிணியாளர்க்கு ஒரு மருந்தகத்தையும் நினைந்தால், திருமுக்கூடலில் ஏற்றிய அவ்விரவு விளக்கு மீண்டும் எரியத் தொடங்கும். தையல்நாயகி உடனாய வைத்தியநாதன் திருவருளால் அடியார் அனைவரும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் பெற்று நீடு வாழ்க.